என்னுடைய ஒன்பதாவது இடது கால்: எட்டு மாதம் போட்டு நடந்த பிறகு

செயற்கைக் கால் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் விற்கிறவர்கள் எழுதியது. போட்டு நடக்கிறவன் எழுதியது கண்ணில் படவே இல்லை, அதனால் நானே எழுதுகிறேன். இடது கால் எனக்கு முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரைக்கும்தான். 37 வருஷத்தில் எட்டு கால் தேய்த்தாயிற்று, இப்போது போட்டிருப்பது ஒன்பதாவது. (வலது கால் பிறந்ததிலிருந்து ஒன்றுதான், அதற்குத்தான் இப்போது மூட்டு வலி.)

பொறுமை இல்லாதவர்களுக்கு மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். சாக்கெட் (மிச்சக் கால் உள்ளே உட்காருகிற கூடு) 5-க்கு 5. கார்பன் ஃபைபர் பாதம் 3. சிலிக்கான் லைனர் (மிச்சக் கால்மேல் போடுகிற உறை) இரண்டரை, அதுவும் மழைக்காலத்தில். ஏன் இப்படி என்று தெரிய வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

கால் எப்படிப் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எப்படிப் போனது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சக் கால் எப்படி இருக்கும், அதற்கு எந்தச் சாக்கெட் உட்காரும் என்பதெல்லாம். நான் இந்திய அமைதிப் படையோடு இலங்கைக்குப் போனவன். 1987 ஜூலையில் இந்தியா-இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் புலிகளோடு சண்டை, 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல். நடுவில் எங்கள் பக்கம் மட்டும் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், அடிபட்டவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எனக்கு 1988-ல், முல்லைத்தீவுக் காட்டில். மரப்பெட்டிக்குள் பேட்டரி வைத்துச் செய்த சின்ன மிதிவெடி. மரம் என்பதால் உலோகம் தேடுகிற கருவியிலும் சரியாகச் சிக்காது. ஆளைக் கொல்வதற்கென்று வைப்பதில்லை அது, ஒருத்தன் காலை எடுத்தால் அவனைத் தூக்க நாலு பேர் வேண்டும், அந்தக் கணக்கு.

மிதிவெடிக் காயத்துக்கும் சர்க்கரை நோயில் காலை எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் திட்டம் போட்டு எடுத்த கால் சுத்தமாக, உருண்டையாக, தோல் மடித்துத் தைத்து இருக்கும். மிதிவெடி அப்படியில்லை. கீழேயிருந்து மண்ணையும் புல்லையும் பூட்ஸ் துண்டையும் எலும்புத் தூளையும் சதைக்குள் மேல்நோக்கி அடித்து ஏற்றிவிடும். அதனால் டாக்டர்கள் உடனே தைக்க மாட்டார்கள், திறந்தே வைத்து, ரெண்டு நாளைக்கு ஒருதரம் சுத்தம் செய்து, அழுகுவதை வெட்டி, அப்புறம்தான் மூடுவார்கள். எனக்கு மூன்று தரம். கடைசியில் கிடைப்பது தழும்பும் பள்ளமுமாக ஒரு கட்டை. 1996-ல் ஒருநாள் கட்டையின் ஓரத்தில் கொப்புளம் மாதிரி வந்து உடைந்தது, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பித்தளை வளையம் வெளியே வந்தது. பூட்ஸில் லேஸ் கோக்கிற துளை வளையம். எட்டு வருஷம் உள்ளே இருந்திருக்கிறது.

இன்னொன்று, வெடியில் போன கால்களில் எலும்பு தேவையில்லாத இடத்தில் முள் மாதிரி வளரும். இராக், ஆப்கானிஸ்தான் போன அமெரிக்கச் சிப்பாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் கால் கை போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருந்திருக்கிறது. எனக்கும் வெளிப்பக்கச் சின்ன எலும்பின் நுனியில் ஒன்று இருக்கிறது. இந்த முள்தான் இந்த விமர்சனத்தின் வில்லன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கால் புனேயில் செயற்கை அவயவ மையத்தில் போட்டார்கள். 1944-ல், இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்தவர்களுக்காக ஆரம்பித்தது அது. அதற்கும் முன்னால், முதல் உலகப் போரில் மெசபடோமியாவிலும் பிரான்சிலும் கை கால் விட்டு வந்த நம் ஆட்களுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்க 1917-ல் பம்பாயில் ராணி மேரி பெயரில் ஒரு பள்ளி வைத்தார்கள், அதுவும் பிறகு புனே பக்கம் கடகிக்கு வந்து இன்றைக்கும் நடக்கிறது. யாரோ எங்கேயோ முடிவு பண்ணி அனுப்ப, கடல் தாண்டிப் போய்க் காலை விட்டுவிட்டு வருவது நம் பட்டாளத்துக்குப் புதிதில்லை. புனே வார்டில் புதிதாக வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற பையனுக்கு முதலில் சொல்கிற கதை இயன் கார்டோசோ கதை. 1971 வங்கதேசப் போரில் கூர்க்கா படை அதிகாரி, சில்ஹட் பக்கம் கண்ணிவெடியில் மாட்டி, அறுக்க வசதி இல்லாமல் குக்ரியால் தன் காலைத் தானே வெட்டிக்கொண்டவர், மரக்காலோடு திரும்பிவந்து பட்டாலியனுக்கே தலைமை தாங்கி மேஜர் ஜெனரல் வரைக்கும் போனவர். எனக்கும் சொன்னார்கள். நல்ல கதைதான். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, கக்கூஸில் எப்படி உட்காருவது என்பது.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவலாக இருந்தது அசையாத கணுக்கால், குதிகாலில் மட்டும் மெத்தென்று ஒரு ரப்பர் வைத்த பாதம். பூட்ஸ் போட்டுச் சமதரையில் நடக்க அருமையாக இருக்கும். குத்தவைக்க முடியாது, சம்மணம் போட முடியாது, வெறுங்காலோடு அதை வெளியே காட்டவும் முடியாது, விரல் இல்லாத மொட்டைக் கட்டை. மேல்நாட்டில் நாற்காலியில் உட்கார்ந்து செருப்போடு வீட்டுக்குள் நடக்கிறவர்களுக்காக யோசித்துச் செய்தது. அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை.

குத்தவைக்கிற, வெறுங்காலோடு நடக்கிற நம்மை யோசித்தவர்கள் ஜெய்ப்பூர்க்காரர்கள். ராம் சந்திர சர்மா என்ற கைவினைக்காரரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து அறுபதுகளின் கடைசியில் செய்தது. ரப்பரை டயர் மாதிரி வேகவைத்து, விரல்கூட வைத்து, தோல் நிறத்தில், கணுக்கால் எல்லாப் பக்கமும் வளைகிற மாதிரி. சாக்கெட் முதலில் அலுமினியத் தகட்டில் அடித்தார்கள், பிறகு தண்ணீர் இறைக்கிற பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி இழுத்துப் போட்டார்கள். எனக்கு 1994-ல் ஒரு இலவச முகாமில் கிடைத்தது. காலையில் போய் அளவு கொடுத்து, மறுநாள் சாயங்காலம் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த முகாம் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அகதி முகாமிலிருந்து வந்திருந்தார். அவருக்கும் இடது கால், அவருக்கும் முழங்காலுக்குக் கீழே. திரும்பிப் பார்த்து, "அண்ணை, நீங்கள் எங்கை விட்டனீங்கள்?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் வாய் வரவில்லை. "உங்க ஊர்லதான்" என்றேன். எந்த ஊர் என்றார், முல்லைத்தீவுக் காடு என்றேன். என் தலைமுடி வெட்டையும் நிற்கிற தோரணையையும் பார்த்தார், பட்டாளம் என்று புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப ரெண்டு பேருந்தையும் ஒரே காட்டுக்குள்ளைதான் கிடக்கு" என்று சொல்லி, தன் பழைய காலின் தோல் பட்டை அறுந்துபோன இடத்தில் சைக்கிள் டியூபை எப்படி வெட்டிக் கட்டியிருக்கிறார் என்று வேட்டியைத் தூக்கிக் காட்டினார். அந்த வித்தையைத்தான் நான் பல வருஷம் பண்ணினேன். யாழ்ப்பாணத்திலும் எண்பதுகளின் கடைசியிலிருந்து ஜெய்ப்பூர் கால் செய்கிறார்கள், சண்டை முடியும்வரை அவர்களுக்கு வேலை குறையவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டாவது காலைச் சொன்னால்தான் ஒன்பதாவது புரியும். மகன் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்ததும், "அப்பா, இன்னும் எத்தனை நாள் இந்த ரப்பரோட இழுத்துட்டுத் திரிவீங்க" என்று ஒரு பெரிய நகரத்துக் கடைக்குக் கூட்டிப்போனான். கடை பேர் சொல்ல மாட்டேன், சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. ஏசி, காபி, சுவரில் பெரிய டிவி. டிவியில் அமெரிக்கச் சிப்பாய்கள் வளைந்த கார்பன் தகட்டில் ஓடுகிறார்கள், மலை ஏறுகிறார்கள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, அந்த வயசில் நமக்கு இது கிடைத்திருந்தால் என்று. இராக், ஆப்கானிஸ்தான் இரண்டு போரிலும் 1,500-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் கால் கை இழந்து திரும்பினார்கள், அதற்குப் பிறகு அங்கே இந்த ஆராய்ச்சிக்குக் கொட்டின பணம் கொஞ்சநஞ்சமில்லை. வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு சிப்பாய்க்கு ஓட ஒரு கால், நீந்த ஒரு கால், நடக்க ஒரு கால் என்று கொடுப்பார்களாம். ஆனால் டிவியில் ஓடுகிறவனுக்கு இருபத்தைந்து வயசு, அவன் பக்கத்தில் சாக்கெட்டைச் சரிபண்ண ஆள் தினமும் இருக்கிறான். எனக்கு அறுபதை நெருங்குகிறது, ஒரு ஏக்கர் வயல், ரெண்டு மாடு.

கடையில் கையடக்க ஸ்கேனரைக் கட்டையைச் சுற்றிக் காட்டினார்கள். அஞ்சே நிமிஷம். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கார்பன் பாதத்தோடு கால் ரெடி, 2,40,000 ரூபாய். போட்டு எழுந்ததுமே வெளிப்பக்கம் சுருக்கென்றது, நான் சொன்ன அந்த முள். "ரெண்டு வாரத்துல பழகிடும் சார்" என்றார் அந்தத் தம்பி. ரெண்டு வாரத்தில் பழகவில்லை, புண்ணாகிவிட்டது. ஐந்து வாரம் ஊன்றுகோல். திரும்பப் போனால் உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் ஒட்டினார்கள், மறுபடி போனால் இன்னொரு ஸ்பாஞ்ச். மூன்றாவது தடவை, பாதத்துக்குத்தான் கம்பெனி வாரண்டி, சாக்கெட்டுக்கு இல்லை என்றார்கள். அதாவது எனக்குப் புண் ஆகாத பாகத்துக்கு வாரண்டி இருக்கிறது.

அந்தக் கால் ஒரு வருஷம் பரண்மேல் கிடந்தது. அப்புறம் பழைய பட்டாள நண்பன் ஒருத்தன் சொல்லி ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மோட்டார் ரீவைண்டிங் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், பிளாஸ்டர் தூசி படிந்த ஒரு ஃபேன், அவ்வளவுதான். அங்கே இருந்த தம்பி என் கார்பன் பாதத்தைப் பார்த்தார், "இது நல்ல பாதம்தாங்கய்யா, தூக்கிப் போட்டுராதீங்க. சாக்கெட்டை மட்டும் புதுசாப் பண்ணுவோம்" என்றார். 2,40,000 கொடுத்து வாங்கியதில் உருப்படியானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போடச் சொல்கிற வியாபாரியை முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

கட்டையைக் கையில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அரைமணி நேரம் தடவிப் பார்த்தார், மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. வலிக்கிற ஒவ்வொரு இடத்தையும் ஈரத்தில் நீலமாகிற பென்சிலால் வட்டம் போட்டார். அதன்மேல் பிளாஸ்டர் கட்டினால் அந்த வட்டமெல்லாம் அச்சில் உள்பக்கம் பதிந்து வரும், எங்கே இடம் விட வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநார் பாரம் தாங்கும், அங்கே அழுத்தலாம். கணைக்கால் எலும்பின் முன்விளிம்பும் சின்ன எலும்பின் நுனியும் தாங்காது, அங்கே விலக வேண்டும். இதுதான் மொத்த வித்தையும்.

முதலில் செய்து கொடுத்தது கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக்கில் ஒரு சோதனைச் சாக்கெட். எட்டு கால் போட்ட எனக்கு இது புதிது. போட்டு நின்றால் தோல் எங்கே வெளுக்கிறது, அதாவது எங்கே அழுத்தம் அதிகம் என்று வெளியிலிருந்தே தெரிகிறது. அடியில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண் ஒரு உருண்டை போட்டு என்னை நிற்க வைத்தார். எடுத்துப் பார்த்தால் உருண்டை அப்படியே உருண்டையாக இருந்தது, கட்டையின் நுனி அடியைத் தொடவே இல்லை, தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. "அதான் உங்களுக்கு சாயங்காலமானா நுனி வீங்குது" என்றார். வீங்குகிறது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. மூன்று தடவை வரவழைத்து, மூன்றாவது தடவை களிமண் வடை மாதிரி சப்பையாக வந்த பிறகுதான் நிஜச் சாக்கெட் செய்தார். சாக்கெட்டும் லைனரும் சேர்த்து 62,000. அதனால்தான் 5-க்கு 5. எட்டு மாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை, கோயில் திருவிழா அன்று ராத்திரி பூரா நின்றும்.

இப்போது பாதம். அதே பழைய கார்பன் பாதம்தான். குதி வைத்ததும் அமுங்கி, விரல் பக்கம் போகும்போது தள்ளிவிடுகிறது, தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போய்விட்டு வந்தாலும் இடுப்பு வலிக்கவில்லை. அப்புறம் எதற்கு 3 மார்க்? கோயில். இந்தப் பாதத்தை ஷூ போட்ட உயரத்துக்கு வைத்துப் பூட்டுகிறார்கள். ஷூவைக் கழற்றினால் குதிகால் அந்த ஒரு சென்டிமீட்டர் இறங்கிவிடும், கால் முழுக்கப் பின்னால் சாய்ந்து முழங்காலைப் பின்பக்கம் தள்ளும். பெரிய கடையில் இதை யாரும் சொல்லவில்லை. பிரகாரத்தில் மல்லாக்க விழப் பார்த்தேன், தூணைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள், கோயிலுக்குள், விருந்துக்குப் போன இடத்தில், எங்கே போனாலும் வாசலில் செருப்பை விடுகிற நமக்கு இது சின்ன விஷயமா? புதுத் தம்பி வெறுங்கால் உயரத்துக்கு மாற்றிப் பூட்டிக்கொடுத்தார், வெளியே போனால் தட்டையான பெல்ட் செருப்பு. வாங்குகிறவர்கள் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். குத்தவைப்பது இதிலும் நடக்காது.

லைனர் என்பது கட்டைமேல் உருட்டிப் போடுகிற சிலிக்கான் உறை, அடியில் ஒரு பல் வைத்த ஆணி, அது சாக்கெட்டின் அடியில் இருக்கிற பூட்டில் கிளிக் கிளிக் என்று இறங்கும். பிடிப்பு அபாரம், பட்டை கிட்டை ஒன்றும் வேண்டாம். கட்டை காலையில் கொஞ்சம் பருத்திருக்கும், சாயங்காலம் சுருங்கும், அதற்கேற்ப மேலே காட்டன் சாக்ஸ் ஏற்றி இறக்க வேண்டும். எனக்கு எட்டு கிளிக் சரியான கணக்கு. சமையல்கட்டிலிருந்தே என் வீட்டுக்காரி எண்ணுவாள். "என்னங்க, ஆறுதான் கேட்டுச்சு, ஒரு சாக்ஸைக் கழட்டிட்டுப் போடுங்க" என்பாள். பெரும்பாலும் அவள் கணக்குதான் சரி.

குறை இரண்டு. சித்திரை வெயிலில் மத்தியானம் லைனரைக் கழற்றிக் கவிழ்த்தால் வேர்வை டம்ளரிலிருந்து ஊற்றுகிற மாதிரி கொட்டுகிறது, வழுக்கும், ஆப்கானிஸ்தான் போனவனை வைத்துச் சோதித்த பொருள் எங்கள் கம்பம் ஊரில் ஏன் தோற்கிறது என்று கேட்காதீர்கள், அவன் அங்கே போகும்போது இரண்டு காலோடு போனான். இரண்டாவது, சேறு. நாற்று நடவு அன்று வயலில் இறங்கியது என் தப்புதான். பூட்டுக்குள் சேறு போய் இறுகிவிட்டது, பட்டனை அழுத்தினால் விடவில்லை, ராத்திரி பத்து மணி வரைக்கும் காலைக் கழற்ற முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பழைய டூத் பிரஷ்ஷும் தையல் மிஷின் எண்ணெயும்தான் காப்பாற்றின. லைனர் வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும், ஒன்று 18,000, இதையும் வாங்கும்போது யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

ஒரு இலவசப் பொருளுக்கும் மார்க் போட வேண்டும். பீரோக் கண்ணாடி. இல்லாத காலில் வலி வரும் என்பது போடாதவர்களுக்குப் புரியாது. எனக்குக் கட்டைவிரலை யாரோ பின்னால் முறுக்குகிற மாதிரி இருக்கும், விரல் 1988-லேயே போயாயிற்று. நல்ல காலைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கால் அசைவதாக மூளையை ஏமாற்றுகிற வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் நம் வி.எஸ். ராமச்சந்திரன், மெட்ராஸ் ஸ்டான்லியில் படித்தவர். வால்டர் ரீடில் இதைச் சிப்பாய்கள்மேல் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள், ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் துணி போட்டு மூடிய கண்ணாடி, ஒரு குழுவுக்குக் கண்ணை மூடி நினைத்துக்கொள்வது. தினமும் 15 நிமிஷம், நாலு வாரம். நிஜக் கண்ணாடி பார்த்தவர்களுக்குத்தான் வலி இறங்கியது. நான் பீரோக் கதவைத் திறந்து இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். முழுக்கப் போகவில்லை, ஆனால் முறுக்குகிற விரலை விரிக்க முடிகிறது. எல்லோருக்கும் வேலை செய்யுமா தெரியாது, செலவு இல்லை. 5-க்கு 4, பீரோக் கதவு கிறீச்சிடுவதால் ஒன்று குறைத்தேன்.

ஜெய்ப்பூர் காலைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்பீர்கள். கிணற்றடியில் நிற்கிறது. விரல் நுனி ரெண்டு இடத்தில் வெடித்திருக்கிறது, சைக்கிள் டியூபை மட்டும் வருஷா வருஷம் மாற்றுகிறேன். நேற்று விடியற்காலையில் மோட்டார் போட வரப்பில் போனதும் அதில்தான்.